முள்ளு வட்டம்: தோட்ட பிளான் ஸ்டென்சில் ஒன்றை ஐந்து மாதம் பயன்படுத்திய பிறகு

1,480 ரூபாய் கொடுத்து ஒரு பச்சை பிளாஸ்டிக் தகடு வாங்கினேன். ஏ4 தாளைவிடக் கொஞ்சம் சிறியது. கூரியர் செலவு தனி. பிரித்ததும் என் மகன் எட்டிப் பார்த்து, "ஏம்மா, இது ஜாமெட்ரி பாக்ஸ்ல வர்றதுதானே?" என்றான். விலையை அவனிடம் சொல்லவில்லை. அவன் அப்பாவிடமும் சொல்லவில்லை.

தோட்டத்துக்கு பிளான் வரைகிறவர்களுக்கென்றே செய்த ஸ்டென்சில் அது. மேலிருந்து பார்த்தால் மரமும் செடியும் எப்படித் தெரியுமோ, அந்த வடிவங்களைத் தகட்டில் வெட்டியிருப்பார்கள். பேனாவை விட்டுச் சுற்றினால் மரம் வந்துவிடும். நான் வாங்கியது குறிப்பாகப் பசுமை மாறா மரங்களுக்கான அடையாளங்கள் நிறைய இருக்கிறது என்பதற்காக. கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. இதே மாதிரித் தகடுகள் பல பெயர்களில் கிடைக்கின்றன. என் கைக்கு வந்த ஒன்றை வைத்து ஒருவர் பெயரைக் கெடுக்க வேண்டாம்.

கோயம்புத்தூரில் தோட்ட வேலை எடுத்துச் செய்கிறேன். அதற்கு முன்னால் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் டிராஃப்டிங். இப்போது முக்கால்வாசி பிளான் ஆட்டோகேட் என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில்தான். மரத்தின் பிளாக்கை (அதில் தயாராக இருக்கும் படத்தை) இழுத்துப் போட்டால் ஒரு நொடியில் வேலை முடிந்தது. ஆனால் போன மார்கழியில் குன்னூரில் ஒரு பழைய பங்களாவின் தோட்டம் வந்தது. வீட்டுக்காரர் வயதானவர். கம்ப்யூட்டர் பிளானைக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "கையால வரைஞ்சு குடுங்க. சட்டம் போட்டு ஹால்ல மாட்டணும்." சரி என்று தலையாட்டிவிட்டு வந்து எண்ணிப் பார்த்தால், அந்த இடத்தில் மட்டும் அறுபதுக்கு மேல் சைப்ரஸ். சைப்ரஸ் மாதிரி ஊசியிலை மரத்துக்கு பிளானில் போடுகிற அடையாளம் முள்ளு வட்டம். அதை அறுபது தடவை கையால் போட வேண்டும். அன்று இரவே ஆர்டர் போட்டேன்.

தகட்டில் மூன்று வரிசை. முதல் வரிசை இலையுதிர் மரங்கள்: வட்டம், அதற்குள் நடுவிலிருந்து கிளை பிரிகிற கோடுகள். குளிர்காலத்தில் மொட்டையாக நிற்பதைக் காட்டுகிற அடையாளம். இரண்டாவது, அகன்ற இலையுள்ள பசுமை மாறா மரங்கள்: மேகம் மாதிரி வளைந்து வளைந்து போகும் விளிம்பு. மூன்றாவது, ஊசியிலை மரங்கள்: சக்கரத்தின் ஆரம் போல விளிம்பிலிருந்து உள்ளே வரும் கீறல்கள். அடியில் வேலிக்கு ஒரு பட்டை, நடைபாதைக் கல், வடக்கு காட்டும் அம்பு. ஆகச் சிறியது 6 மில்லி, ஆகப் பெரியது 50 மில்லி. 1:100 அளவில் வரைந்தால் தாளில் ஒரு மில்லி தரையில் 10 சென்டிமீட்டர். அதாவது இந்த ஸ்டென்சிலில் ஆகப் பெரிய மரத்தின் தலை 5 மீட்டர் அகலம். நம்மூரில் நன்றாக வளர்ந்த மாமரம் ஒன்று 10 மீட்டரை அசால்ட்டாக எடுத்துக்கொள்ளும். அதை வரைய 1:200-க்குத்தான் இறங்க வேண்டும், இல்லையென்றால் காம்பஸை எடுக்க வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வெட்டு சுத்தமாக இருக்கிறது, பிசிறு இல்லை. தகடு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிவதால் கீழே உள்ள கோட்டோடு சேர்த்து வைக்க முடிகிறது. சிறிய அளவுகள், அதாவது 6, 8, 10 மில்லி, மிகவும் உபயோகம். இட்லிப்பூ, துரந்தா மாதிரி வரிசையாக நூறு செடி வருகிற இடத்தில் கையால் நூறு வட்டம் போட்டால் எழுபதாவது வட்டம் முட்டையாகிவிடும். இதில் ஆகாது. குன்னூர் பிளானில் சைப்ரஸ் வரிசை முழுவதையும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்தேன். கையால் என்றால் ஒரு பகல் போயிருக்கும்.

இனி மற்றது.

மை கசிவது முதல் தலைவலி. தகடு தாளில் ஒட்டிப் படுத்திருக்கிறது. பேனா நுனி விளிம்பைத் தொட்டவுடன் மை தகட்டுக்கு அடியில் ஓடிவிடுகிறது. எடுத்துப் பார்த்தால் சைப்ரஸுக்குப் பக்கத்தில் ஒரு கருப்புக் கண்ணீர். பழைய டிராஃப்டிங் ஆட்களுக்கு இதற்கு வைத்தியம் தெரியும். அடிப்பக்கத்தில் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று மடிப்பாக, ஓட்டைகளின் ஓரத்தில் படாமல் ஒட்டிவிட வேண்டும். தகடு தாளிலிருந்து மயிரிழை தூக்கி நிற்கும், மை ஓடாது. சில ஸ்டென்சில்களில் இதற்கென்றே அடியில் சின்னச் சின்னக் குமிழ் வைத்து வரும். 1,480 ரூபாய்த் தகட்டில் அது இல்லை. டேப் 30 ரூபாய்.

இரண்டாவது, நடுப்புள்ளி. வீட்டுக்காரருக்கு பிளானில் மரத்தின் அழகு முக்கியம். சைட்டில் குழி வெட்டுகிறவருக்கு வட்டத்தின் நடுவில் இருக்கும் புள்ளிதான் முக்கியம். அங்கிருந்துதான் டேப் பிடித்து அளப்பார். வெறும் வட்டங்களுக்கு நாலு பக்கமும் சின்னக் கோடு வெட்டி வைத்திருக்கிறார்கள், குறுக்கே சேர்த்தால் நடுப்புள்ளி கிடைக்கும். முள்ளு வட்டத்துக்கும் மேக வட்டத்துக்கும் அது கிடையாது. 1.2 மீட்டர் இடைவெளியில் சைப்ரஸ் வைக்க வேண்டும், பிளானில் 12 மில்லி. நான் என்ன செய்தேன் என்றால், முதலில் ஸ்கேலை வைத்துப் புள்ளிகளைப் பென்சிலில் குத்திக்கொண்டு, பிறகு ஒவ்வொரு புள்ளியும் ஓட்டைக்கு நடுவில் வருகிற மாதிரி கண்ணால் பார்த்துத் தகட்டை நகர்த்தினேன். கண் மதிப்பில் அரை மில்லி தவறினால் தரையில் 5 சென்டிமீட்டர். மரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் அறுபது மரம் ஒரே கோட்டில் வரும்போது பிளானில் பல் வரிசை கோணியது போலத் தெரிகிறது.

பேனா விஷயமும் சொல்ல வேண்டும். நான் பிக்மா மைக்ரான் வைத்திருக்கிறேன், தண்ணீர் பட்டாலும் கரையாத மை. அதில் 005 என்று போட்டிருப்பதைப் பார்த்து 0.05 மில்லி என்று நினைத்துவிடாதீர்கள், அது 0.20 மில்லிக் கோடு. 01 என்பது 0.25. 08 என்பது 0.50. மரத்தின் வெளிக்கோட்டுக்கு 08, உள்ளே முள்ளுக்கு 005. இப்படித் தடிமன் மாற்றிப் போட்டால்தான் வட்டம் தாளிலிருந்து எழும்பி நிற்கும். ஸ்டென்சிலில் முள்ளுக்கான கீறல் எல்லாம் ஒரே அகலத்தில் வெட்டியிருப்பதால் இந்த வித்தியாசத்துக்கு இடமே இல்லை. அதோடு அந்தக் குறுகல் சந்துக்குள் 005-இன் மெல்லிய நுனி மோதி மோதி மழுங்கிவிட்டது. அறுபது சைப்ரஸுக்கு இரண்டு பேனா காலி.

கையால் போடுகிற முள்ளு வட்டம் எப்படி இருக்கும் என்று பார்த்தால்தான் தகட்டின் குறை புரியும். பென்சிலில் லேசாக ஒரு வட்டம், நடுவில் புள்ளி. பேனாவை வட்டத்தின் விளிம்பில் ஊன்றி, நடுப்புள்ளியைப் பார்த்துச் சட்டென்று இழுத்துத் தூக்கிவிட வேண்டும். தொடங்கிய இடம் அழுத்தமாகவும் முடிகிற இடம் மெலிந்தும் வரும். எல்லாக் கோடும் நடுப்புள்ளி வரை போகக் கூடாது, போனால் குடை மாதிரி ஆகிவிடும். ஒன்று நீளம், இரண்டு குட்டை, ஒன்று நடுத்தரம் என்று கலந்து வர வேண்டும். கையைத் திருப்பாமல் தாளைத் திருப்ப வேண்டும். வெளிச்சம் இடது மேல் பக்கத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால், வலது கீழ்ப் பக்கம் மட்டும் கீறல்களை நெருக்கிப் போட வேண்டும். அவ்வளவுதான், கூம்பு மாதிரி நிற்கிற மரத்தின் முனையை மேலிருந்து பார்ப்பது போல இருக்கும். தகட்டில் போட்ட முள்ளு வட்டம் பாட்டில் மூடி மாதிரி இருக்கிறது. குன்னூர்க்காரர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் உறுத்தியது.

இதெல்லாம் தகட்டின் குறை. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று மேஸ்திரி மூலமாகத் தெரிய வந்தது.

குன்னூர் வேலை நடந்துகொண்டிருந்தபோதே வடவள்ளியில் ஒரு வீட்டுத் தோட்டம். தகடு புதுசு, ஆசை வேறு. காம்பவுண்டு ஓரமாக நெட்டிலிங்கம் வரிசைக்கு (அசோக மரம் என்று எல்லோரும் சொல்வோமே, அது) முள்ளு வட்டத்தைப் போட்டுவிட்டேன். ஒல்லியாக உயரமாகப் போகிற, பச்சை மாறாத மரம்தானே, அதற்கு இது பொருந்தும் என்று ஒரு நினைப்பு. பட்டியலில் பெயர் எழுதியிருந்தேன். ஆனால் மேஸ்திரி பட்டியலைப் பார்க்கிற ஆள் இல்லை, படத்தைப் பார்க்கிற ஆள். மறுநாள் போன்.

"ஏனுங்க மேடம், செவுத்தோரமா முள்ளுச்செடி போட்டிருக்கீங்களே, குழந்தைங்க இருக்கற வீடுங்க. காயிதப்பூவுங்களா?"

சிரிப்பு வந்தது. யோசித்தால் தப்பு அவர் மேல் இல்லை. அந்த அடையாளம் ஊசியிலைக் காடுகள் உள்ள ஊரில் பிறந்தது. பைன் மரத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது ஊசி. நம்மூர்க் கண்ணுக்கு அது முள். வேலிகாத்தானையும் கள்ளியையும் பார்த்து வளர்ந்தவருக்கு வேறு எப்படித் தெரியும்?

அதற்கப்புறம்தான் அந்த மூன்று வரிசைகளையும் உட்கார்ந்து பார்த்தேன். தகடு செய்தவர்களுக்கு மரத்தில் முதல் கேள்வி, குளிர்காலத்தில் இலை இருக்குமா இருக்காதா என்பது. பனி விழுகிற ஊரில் அது நியாயமான கேள்வி. பாதி வருஷம் தோட்டம் மொட்டையாகக் கிடக்கும், அதில் பச்சையாக நிற்கப் போகிறவை எவை என்று பிளானைப் பார்த்தவுடன் தெரிய வேண்டும். கோயம்புத்தூரில் மா, மகிழம், புன்னை, நாவல், நெட்டிலிங்கம் எல்லாமே பச்சைதான். செடிகளைக் கேட்கவே வேண்டாம்: இட்லிப்பூ, அரளி, செம்பருத்தி. இலை கொட்டுகிறவையும் குளிருக்காகக் கொட்டுவதில்லை, வெயிலில் தண்ணீர் மிச்சம் பிடிக்கக் கொட்டுகின்றன. சரக்கொன்றை சித்திரைக்கு முன்னால் இலையை உதிர்த்துவிட்டுத்தான் மஞ்சள் சரத்தைத் தொங்கவிடும். வேம்பு மாசி, பங்குனியில் பழுத்துக் கொட்டிய கையோடு துளிர்த்துவிடும். இதை எந்த வரிசையில் சேர்ப்பது? மொட்டைக் கிளை அடையாளத்தைப் போட்டால் வீட்டுக்காரர் பட்ட மரம் என்று நினைப்பார்.

ஊசியிலை வரிசையில் இன்னும் வேடிக்கை. சவுக்கு மரத்தைப் பார்த்தால் ஊசியிலை என்றுதான் எவரும் சொல்வார்கள். உண்மையில் அது பூக்கும் தாவரம். நாம் ஊசி என்று நினைப்பது அதன் மெல்லிய கிளைகள், இலைகள் அந்தக் கிளையின் கணுக்களில் செதில் செதிலாக, கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கின்றன. மறுபக்கம், தென்னிந்தியக் காடுகளுக்கு இயல்பாகச் சொந்தமான ஊசியிலைக் குடும்பத்து மரம் ஒன்றே ஒன்று, நாகேயா வாலிசியானா. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. அதன் இலையோ நல்ல அகலம். ஆக, முள்ளு அடையாளம் சேர வேண்டிய மரத்துக்கு ஊசி இல்லை, ஊசி இருக்கிற மாதிரித் தெரிகிற மரம் அந்தக் குடும்பமே இல்லை. குன்னூரில் சைப்ரஸும் அரௌகேரியாவும் வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டங்களோடு வந்தவை. 1874-இல் தொடங்கிய சிம்ஸ் பூங்காவில் ஒரு நடை போனால் தகட்டில் உள்ள மூன்றாவது வரிசை உயிரோடு நிற்பதைப் பார்க்கலாம். அங்கே அந்த அடையாளம் சரி. மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டால் அதற்கு வேலை இல்லை.

தென்னைக்கு அடையாளமே கிடையாது என்பதை எங்கே சொல்வது என்று தெரியவில்லை, இங்கேயே சொல்கிறேன். பாக்குக்கும் இல்லை, எந்தப் பனை வகைக்கும் இல்லை. தமிழ்நாட்டில் தோட்ட பிளான் வரைகிற ஒருத்திக்குத் தென்னை இல்லாத ஸ்டென்சில். போதும்.

பெட்டியில் ஒரு மடிப்புத் தாளும் இருந்தது, எப்படி வரைய வேண்டும் என்று. மரத்தின் நிழலை எப்போதும் வடக்குப் பக்கம் போடச் சொல்கிறது. நாம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வட அகலாங்கில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். ஜூன் மாதக் கடைசியில் 10 மீட்டர் மரத்துக்கு நண்பகலில் தெற்கே 2 மீட்டர் சொச்சம் நிழல். அதே மரத்துக்கு டிசம்பரில் வடக்கே 7 மீட்டர் வரை போகும். எங்கே பெஞ்சு போடுவது என்று முடிவெடுக்க நிழலை வரைகிறோம் என்றால் இந்தக் கணக்கு வேண்டும். அழகுக்கு என்றால் எந்தப் பக்கமும் போடலாம்.

நம் வாடிக்கையாளர் உண்மையில் கேட்கிற கேள்வி வேறு. "குப்பை விழுமா?" இரண்டு வருஷம் முன்னால் ஒரு வீட்டில் போர்டிகோ பக்கத்தில் மாமரம் வேண்டும் என்றார்கள். இது எவர்கிரீன், மொட்டையாகாது என்று நானும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து அந்த அம்மா கூப்பிட்டார். ஏற்கெனவே வளர்ந்திருந்த பக்கத்து மரத்தையும் சேர்த்துக் காட்டி, "எவர்கிரீன்னு சொன்னீங்களே கண்ணு, தினம் ரெண்டு வேளை கூட்டறேன்." பசுமை மாறாது என்றால் இலையே விழாது என்று அர்த்தம் இல்லை. பழைய இலை விழுந்துகொண்டேதான் இருக்கும், எல்லாம் ஒரே சமயத்தில் விழாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்று வருஷம் முழுக்கத் தினமும் ஒரு முறம், இன்னொன்று ஒரே மாதத்தில் வண்டி வண்டியாக. இதைச் சொல்கிற அடையாளம் எந்தத் தகட்டிலும் இல்லை. நான் சொல்லாமல் விட்டது என் தப்பு.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், டவுன்ஹால் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் 140 ரூபாய்க்கு வெறும் வட்ட ஸ்டென்சில் வாங்கினேன். எல்லா வட்டத்துக்கும் நடுக்கோடு வெட்டியிருக்கிறது, அடியில் குமிழும் இருக்கிறது. அதை வைத்துப் பென்சிலில் வட்டம், நடுவில் மையில் புள்ளி. அதன் மேல் விளிம்பைக் கையால் போடுகிறேன். மா, மகிழம், புன்னை மாதிரி அடர்ந்த நிழல் தருபவற்றுக்கு மேக விளிம்பு, 08 பேனாவில் அழுத்தமாக. வேம்பு, புங்கம், சரக்கொன்றைக்கு அதே மேக விளிம்பு, ஆனால் ஓரிடத்தில் கோட்டை விட்டுவிடுகிறேன். அந்த இடைவெளியைப் பார்த்தால் சில வாரம் இலை இருக்காது என்று அர்த்தம். தென்னைக்கு எட்டு மட்டை கொண்ட நட்சத்திரம். முள்ளு வட்டம் மலை வேலைக்கு மட்டும். பெரிய மரத்தின் அடியில் செடி வருகிற இடத்தில் மரத்தின் விளிம்பைப் புள்ளிக் கோடாக்கிவிடுகிறேன், அப்போதுதான் கீழே இருப்பது தெரியும். ஒவ்வொரு வட்டத்திலும் தமிழில் இரண்டு மூன்று எழுத்து: "மகி", "புன்", "நெட்". பிளானின் ஓரத்தில் அடையாள விளக்கமும் தமிழில்தான். மேஸ்திரியிடமிருந்து அதற்கப்புறம் அந்த மாதிரி போன் வரவில்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டரை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வேலை செய்கிறவர்கள் கால் மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் வாங்க வேண்டாம். முதலில் கையால் நூறு வட்டம் போட்டுப் பழகுங்கள், தகடு பிறகு. பெரிய தோட்டங்களை 1:200-இல் வரைகிறவர்களுக்கு அந்தச் சிறிய ஓட்டைகள் நேரத்தை மிச்சப்படுத்தும்.

இன்னொன்று: வாங்கினால் காருக்குள் விட்டுவிடாதீர்கள். மே மாதம் ஒரு மதியம் டாஷ்போர்டில் மறந்து வைத்துவிட்டேன், வந்து பார்த்தபோது அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. இரண்டு தடித்த டெலிபோன் டைரக்டரிக்கு அடியில் ஒரு வாரம் வைத்ததில் முக்கால்வாசி நேரானது. மூலையில் 8 மில்லி வட்டம் இருக்கிற இடம் மட்டும் இன்னும் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் மை கசிவதே இல்லை.